வாசகர் கேள்வி – பதில்: மேகத்துக்கு மேலே எழும் மின்னல்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குனோங் ஜெராய் மலையிலிருந்து இரவில் தெரியும் மின்னலைப் பற்றிக் கேட்கின்றன. எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். அதே மலையைப் பார்த்தபடி வாழ்கிறவன் என்ற முறையில் இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுவதில் எனக்குத் தனி ஈடுபாடும் உண்டு.

கேள்வி: ஐயா, வணக்கம். மே மாதத்தில் நண்பர்கள் நால்வர் ஜெராய் மலையில் ஓர் இரவு தங்கினோம். நள்ளிரவுக்குப் பின் மேற்கே கடலுக்கு அப்பால் வெகு தொலைவில் மின்னிக்கொண்டிருந்தது, இடியோசை கேட்கவில்லை. ஒருமுறை, மின்னிய இடத்துக்கு மிகவும் மேலே, நட்சத்திரங்களுக்கு நடுவில், மங்கிய சிவப்பில் சில கோடுகள் தோன்றி உடனே மறைந்தன. என்னைத் தவிர ஒருவர்தான் அதைப் பார்த்தார். மற்ற இருவரும் கண்மயக்கம் என்கிறார்கள். அது என்னவாக இருக்கும்?
– செம்பனை ஆலைத் தொழிலாளி, பீடோங்

பதில்: கண்மயக்கம் என்று தள்ளிவிட வேண்டா. மின்னல் வெகு தொலைவில் இருந்தது, சிவப்பொளி அதற்கு மிக உயரத்தில் தோன்றியது, இமைப்பொழுதுக்குள் மறைந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விவரங்களும், அறிவியலார் ஸ்ப்ரைட் என்று அழைக்கும் மேல்வளிமண்டல மின்னொளியின் இயல்போடு அப்படியே பொருந்துகின்றன. நீங்கள் பார்த்தது ஸ்ப்ரைட் என்பதே என் கணிப்பு.

நாம் அன்றாடம் காணும் மின்னல் மேகத்துக்குள்ளோ மேகத்துக்கும் நிலத்துக்கும் இடையிலோ நிகழ்வது. நம் வட்டார இடிமேகங்களின் உச்சி பெரும்பாலும் 15 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி நிற்கும். ஸ்ப்ரைட்டோ அம்மேகத்தைத் தொடுவதே இல்லை. ஏறத்தாழ 40 முதல் 90 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போலப் பல மடங்கு மேலே, தனியாகத் தோன்றி, ஓரிரு மில்லிநொடியிலிருந்து சில பத்து மில்லிநொடிகளுக்குள் அணைந்துவிடுகிறது. மேற்பகுதி சிவந்து பரந்தும், கீழ்ப்பகுதி மெல்லிய இழைகளாகத் தொங்கியும் இருப்பதால் பெரிய ஸ்ப்ரைட்டுகளின் படங்கள் ஜெல்லிமீனை நினைவூட்டும்.

இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதை, எவரும் படம் பிடிப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே எழுதிவைத்தவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன். மேக அறை என்னும் கருவிக்காக 1927-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மேகங்களின் மேல் அவருக்கு ஈடுபாடு பிறந்தது 1894 செப்டம்பரில், பென் நெவிஸ் மலையுச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் அவர் இரண்டு வாரம் பணியாற்றியபோதுதான். அம்மலையின் உயரம் 1,345 மீட்டர். நம் ஜெராய் 1,217 மீட்டர். 1925-இல் அவர் முன்வைத்த வாதம் எளிமையானது, அழகானது. இடிமேகத்தின் மின்புலம் மேலே செல்லச் செல்ல வலிமை குறைகிறது; ஆனால் காற்றின் அடர்த்தி அதைவிட விரைவாகக் குறைகிறது; ஆகவே ஏதோ ஓர் உயரத்தில், எஞ்சியிருக்கும் வலுக்குறைந்த புலமே அங்குள்ள மெல்லிய காற்றில் மின்பாய்ச்சலைத் தொடங்கிவைக்கப் போதுமானதாகிவிடும். 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதன் ஆழம் புரியும்.

இடைப்பட்ட காலத்தில் விமானிகள் சிலர் மேகத்துக்கு மேலே ஒளி எழுவதைப் பார்த்ததாகச் சொல்லிவந்தார்கள். உங்கள் நண்பர்கள் உங்களிடம் சொன்ன பதிலே அவர்களுக்கும் கிடைத்தது. 1989 ஜூலை 6 இரவு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் விங்க்லர், ராபர்ட் ஃபிரான்ஸ், ராபர்ட் நெம்செக் ஆகிய மூவரும் ராக்கெட் ஆய்வொன்றுக்காக மங்கிய ஒளியையும் பதிவுசெய்யும் வீடியோ கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைதூரப் புயல்மேகத்துக்கு மேலே இரண்டு ஒளித்தூண்கள் தற்செயலாகப் பதிவாயின. அதுவே முதல் சான்று.

எல்லா மின்னலுக்கும் மேலே ஸ்ப்ரைட் தோன்றுவதில்லை. நிலத்துக்கு இறங்கும் மின்னல்களில் பெரும்பாலானவை மேகத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள எதிர்மின்னூட்டத்தைக் கொண்டுவருபவை. ஏறத்தாழ பத்தில் ஒன்று மட்டுமே மேற்பகுதியின் நேர்மின்னூட்டத்தை இறக்குகிறது. அத்தகைய மின்னலில் ஒன்று, பெருமளவு மின்னூட்டத்தைச் சில மில்லிநொடிகளில் மேகத்திலிருந்து பிடுங்கிவிடும்போது, மேகத்துக்கு மேலே உள்ள மின்புலம் திடீரென்று உயர்ந்து, வில்சன் சொன்ன நிலை உருவாகிறது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் ஒளியிழைகள் முதலில் கீழ்நோக்கிப் பாய்கின்றன; பிறகு மேல்நோக்கியும் கிளைக்கின்றன. நால்வரில் இருவர் மட்டும் பார்த்ததில் வியப்பில்லை. அந்த நொடியில் மின்னிய மேகத்தையே நோக்கிக்கொண்டிருந்தவருக்கு அதற்கு மேலே நடந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: மலையில் ஏறினால் இந்த ஒளிக்குப் பக்கத்தில் போகிறோம் என்பதால்தான் அங்கிருந்து தெரிகிறதா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசையில் பார்க்க வேண்டும்?
– இடைநிலைப் பள்ளி மாணவர், சுங்கை பட்டாணி

பதில்: பக்கத்தில் போவதற்காக இல்லை, தம்பி. 70 கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் ஒன்றுக்கு 1.2 கிலோமீட்டர் ஏறுவதால் நெருக்கம் கூடிவிடாது. இதைப் பார்க்கத் தேவைப்படுவது தொலைவு. புயல்மேகம் தலைக்கு மேலோ அருகிலோ இருந்தால், அதன் விரிந்த மேற்பரப்பே மேலே நடப்பதை மறைத்துவிடும். மேகம் 150, 200, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நமக்கும் அதற்கும் இடையில் வானம் தெளிந்திருக்க வேண்டும். மலை செய்யும் உதவி என்னவென்றால், தாழ்வாகக் கிடக்கும் புகைமூட்டத்துக்கும் பட்டணத்து விளக்கொளிக்கும் மேலே நம்மைத் தூக்கி நிறுத்தி, அடிவானம் வரை தடையின்றிக் காட்டுவதுதான். ஜெராய் உயரத்திலிருந்து கடல் அடிவானம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. பிரான்சில் பிரனே மலைத்தொடரிலுள்ள பிக் து மிதி என்னும் 2,877 மீட்டர் உயரச் சிகரத்தில், 2000-ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் கேமராக்களை நிறுவி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயல்களின் மேல் ஸ்ப்ரைட்டுகளைப் பதிவுசெய்ததும் இதே காரணத்தால்தான்.

இந்த வகையில் ஜெராய்க்கு வாய்த்த இருப்பிடம் மிகவும் நல்லது. தெற்கே சுங்கை பட்டாணி, தென்மேற்கே பினாங்கு, வடக்கே அலோர் ஸ்டார் என்று விளக்கொளி இருந்தாலும், மேற்கே திறந்த கடல். மீன்பிடிப் படகுகளின் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கு அப்பால் ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் வட சுமத்ராவின் கரை. நம் தீபகற்பத்தின் நிலப்பகுதியில் மாலையில் வலுக்கும் இடிமழை இரவில் ஓய, மலாக்கா நீரிணையின் மேலும் சுமத்ராக் கரையோரமும் நள்ளிரவிலிருந்து விடியல் வரை புயல்மேகங்கள் எழுவது வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமும், அதற்கு முன்னும் பின்னும் வரும் இடைக்காலங்களும் – சுருக்கமாகச் சொன்னால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை – இதற்கு ஏற்றவை. சனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடாவில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் புயல் குறைவு.

எவ்வளவு உயரத்தில் பார்வையை வைப்பது என்பதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மேகம் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் உச்சி அடிவானத்தை ஒட்டி ஓரிரு பாகையில்தான் தெரியும். அதற்கு மேல் தோன்றும் ஸ்ப்ரைட் ஏறத்தாழ 8 முதல் 14 பாகை வரை நிற்கும். 200 கிலோமீட்டரில் அது 13 முதல் 22 பாகை. ஆகவே மின்னும் மேகத்துக்கு மேலே ஒன்று முதல் இரண்டு முட்டி உயரத்தில், நட்சத்திரங்கள் தெரியும் கரிய வானத்தில் பார்வையை நிறுத்த வேண்டும். ஓர் அட்டையைப் பிடித்து மேகத்தின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டால் கண் கூசாது. இருளுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். அதுவரை கைப்பேசியைத் திறக்கவே கூடாது. மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் பிடிபடுவது கடினம் என்பதால், பலருக்கு அது சாம்பல் நிறப் பளிச்சிடலாகவே தெரியும். மிகப் பிரகாசமானவைதான் சிவப்பாகத் தெரியும்.

இன்னொன்று. புயல் கொந்தளிக்கும் முதல் மணிகளில் மின்னல் மிகுதி, ஸ்ப்ரைட் குறைவு. புயல் பரந்து, அதன் பின்பகுதியில் மென்மழை பெய்யும் அகன்ற மேகப்பரப்பு உருவான பிறகுதான் முன்னர் சொன்ன, நேர்மின்னூட்டத்தை இறக்கும் மின்னல்கள் விழுகின்றன. மின்னல் குறைந்துவிட்டதே என்று படுக்கப் போகும் நேரம்தான் விழித்திருக்க வேண்டிய நேரம்.

கேள்வி: என் மகன் இந்த ஒளியைப் பார்க்க வேண்டுமென்று நண்பர்களுடன் மலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். மின்னலைப் பார்க்க மலையுச்சிக்கே போவது சரியா, ஐயா? தோட்டத்தில் மின்னல் தாக்கி மாடு இறந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.
– ஒரு தாய், பீடோங் அருகிலுள்ள தோட்டம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டில் 200 நாள்களை ஒட்டி இடி கேட்கிறது என்னும் அளவுக்கு இடிமழை மிகுந்த நாடு நம்முடையது. மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயலைப் பார்க்க மலைக்குப் போகலாம், புயல் மலைக்கு வரப்போகிறது என்றால் அங்கே ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது.

மலையுச்சியும் அதன் மேலுள்ள கோபுரமும் மின்னலைச் சந்திப்பதில் சமவெளியை விடப் பன்மடங்கு முந்தி நிற்பவை. சுவிட்சர்லாந்தில் மோந்தே சான் சல்வதோரே என்ற மலையில் கார்ல் பெர்கர் 1940-களிலிருந்து பல பத்தாண்டுகள் கோபுரங்களை நிறுவி மின்னலின் மின்னோட்டத்தை அளந்தார். அம்மலையின் உயரம் ஜெராயை விடக் குறைவு. ஆயினும் அங்கே விழும் மின்னலோடு, கோபுர முனையிலிருந்து மேகத்தை நோக்கி மேலே கிளம்பும் மின்னலும் மிகுதியாகப் பதிவாயிற்று. அந்நாட்டிலேயே 2,502 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் மலையின் தொலைத்தொடர்புக் கோபுரத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு முறை மின்னல் தாக்குகிறது. ஆகவே எந்த மலையிலும் கோபுரங்களின் அடியில் நிற்பது கூடாது.

ஸ்ப்ரைட்டை முன்கூட்டியே உணர்ந்த வில்சனும் இதை உடலால் அறிந்தவர். 1895-இல் பென் நெவிஸ் மலைக்கு அடுத்த உயர்முகட்டில் நின்றபோது, தம் தலைமயிர் சிலிர்த்தெழுவதை உணர்ந்து அவர் உடனே ஓடி இறங்கினார். மயிர் சிலிர்த்தாலோ, அருகிலுள்ள இரும்புக் கம்பியோ வேலியோ சீறும் ஒலி எழுப்பினாலோ மின்னல் அடுத்த கணமே விழக்கூடும்.

அந்த அளவுக்குப் போகவே விடக்கூடாது. நீரிணையில் எழும் புயல்வரிசைகள் கிழக்கு நோக்கி, அதாவது நம்மை நோக்கி, மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரக்கூடியவை. இரவில் 200 கிலோமீட்டர் தொலைவில் அழகாக மின்னிய மேகம் விடிவதற்குள் மலைக்கு வந்துவிடலாம். எனவே புறப்படும் முன்பும், மேலே இருக்கும்போது அவ்வப்போதும், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடார் படத்தையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் படத்தையும் அவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வானத்தை நோக்குபவர் வேறொருவராக இருப்பது நல்லது. கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு: மேகத்தின் உச்சி அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்துக்கு எழுந்துவிட்டால் புயல் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது, அப்போதே மூட்டை கட்டிவிட வேண்டும். இடியோசை காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தொலைவுக்குள் வந்துவிட்டோம் என்று பொருள், ஏனென்றால் இடி 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் கேட்காது. அந்த நிலையில் கூரை மட்டும் உள்ள திறந்த பொண்டோக்கோ மரத்தடியோ பாதுகாப்பாகாது. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட கார் அல்லது முறையாகக் கட்டப்பட்ட கட்டடம்தான் பாதுகாப்பு. கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

கேள்வி: ஸ்ப்ரைட் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதற்கு இடி உண்டா?
– ஆறாம் ஆண்டு மாணவி, தோட்டத் தமிழ்ப்பள்ளி

பதில்: நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். மேலே பாயும் மின்துகள்கள் நைட்ரஜன் மூலக்கூறுகளில் மோத, அவை தாம் பெற்ற ஆற்றலைச் சிவப்பொளியாக வெளியிடுகின்றன. கீழே காற்று அடர்ந்திருப்பதால், அந்தச் சிவப்பொளியை வெளியிடுவதற்குள் மூலக்கூறு இன்னொன்றில் மோதி ஆற்றலை இழந்துவிடும். அதனால் ஸ்ப்ரைட்டின் கீழ்முனைகள் நீலமாகத் தெரிகின்றன. இடியைப் பொறுத்தவரை, சாதாரண மின்னல் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸுக்குக் காற்றைச் சூடாக்கி வெடிக்கச் செய்வதால்தான் முழங்குகிறது. ஸ்ப்ரைட் மெல்லிய காற்றில் அதிகச் சூடின்றி ஒளிர்வது. அதன் ஓசை நம் காதுக்கு எட்டாது.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் தஞ்சோங் டாவாய் கடலோரத்தில் இரவு நின்றபோது, மேகத்தின் தலையிலிருந்து நீல ஒளி ஒன்று மேலே பீறிட்டதைப் பார்த்தேன். அதுவும் இந்த வகையா?
– ஓய்வுபெற்ற மண்டோர், பீடோங்

பதில்: உறவுள்ளது, ஆனால் வேறு. மேகத்தின் உச்சியிலிருந்தே கிளம்பி, நீலக் கூம்பாக 40 கிலோமீட்டரை ஒட்டிய உயரம் வரை பாய்வதை நீலத் தாரை என்பார்கள். நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் என்பதால், ஸ்ப்ரைட்டை விட நீண்ட நேரம், கால் நொடியளவு கூட, கண்ணுக்குத் தெரியும். அது மேலே ஏறுவதையே பார்க்க முடியும். ஆகவே நீங்கள் ‘பீறிட்டது’ என்று எழுதியதை நான் பெரிதும் மதிக்கிறேன், ஐயா.

இதன் இன்னும் பெரிய வடிவம், மேகத்திலிருந்து 70 முதல் 90 கிலோமீட்டர் வரை எழுந்து அயனிமண்டலத்தின் விளிம்பைத் தொடும் பேருருத் தாரை. 2001-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒன்று பதிவாயிற்று. 2002 ஜூலையில் தைவான் ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸின் லுசோன் தீவருகே எழுந்த புயலின் மேல் ஐந்தைப் பதிவுசெய்தார்கள். வெப்பமண்டலக் கடலே இதற்கு உகந்த இடம். 2015 செப்டம்பரில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்த டென்மார்க் வீரர் ஆண்ட்ரியாஸ் மோகன்சன், வங்காள விரிகுடாவின் மேல் நின்ற புயலின் தலையில் நீல ஒளிகள் அடுத்தடுத்துத் துள்ளுவதைப் படம் பிடித்தார். 2018-இல் அதே நிலையத்தில் இதற்கென்றே ஏசிம் என்னும் கருவி பொருத்தப்பட்டது. எல்வ் என்று மூன்றாவது வகையும் உண்டு: 90 கிலோமீட்டர் உயரத்தில் சில நூறு கிலோமீட்டர் அகல வளையமாக விரிந்து, ஒரு மில்லிநொடிக்குள் மறைவது. எண்ணிக்கையில் அதுவே மிகுதி என்று தைவானின் ஃபோர்மோசாட்-2 செயற்கைக்கோள் காட்டியது. ஆனால் வெறுங்கண்ணால் அதைக் காண்பது நடவாத செயல்.

கேள்வி: திருமணங்களுக்குப் படம் எடுப்பவன் நான். என்னிடமுள்ள கேமராவால் ஸ்ப்ரைட்டைப் பிடிக்க முடியுமா? பிடித்தாலும் அது உண்மையானது என்று எப்படிக் காட்டுவது?
– புகைப்படக்காரர், குரூண்

பதில்: நிச்சயமாக முடியும். மங்கிய திருமண மண்டபத்தில் வேலை செய்யும் கேமராவும், எஃப் 1.4 அல்லது 1.8 லென்சும் போதும். 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தி, முக்காலியில் நிறுத்தி, ஒரு நட்சத்திரத்தின் மேல் கையால் ஃபோகஸ் செய்து, ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 6,400-க்கு மேல் ஏற்றி, வீடியோவாகத் தொடர்ந்து பதிவுசெய்யுங்கள். மேகத்தின் உச்சி படத்தின் அடிவிளிம்பில் மட்டும் தெரியட்டும். மீதி முழுவதும் வானமாக இருக்கட்டும். புகைப்படமாகவே எடுப்பதென்றால் ஓரிரு நொடி வெளிச்சம் கொடுத்து இடைவெளியின்றி எடுத்துக்கொண்டே இருக்கலாம். பொறுமைதான் பெரிய செலவு. ஓர் இரவு முழுவதும் ஒன்றும் விழாமல் போகலாம். ஆனால் வாய்ப்பான புயல் அமைந்தால் கிடைப்பது வியக்கத்தக்கது: 2022 மே 19 இரவில் இமயமலைப் பகுதியில் ஒரே புயலின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்ப்ரைட்டுகளைப் படம் பிடித்தவர்கள் உங்களைப் போன்ற புகைப்படக்காரர்கள்தாம்.

உண்மையை நிறுவ, கேமராவின் கடிகாரத்தை முதலில் நொடி பிசகாமல் சரிசெய்யுங்கள். உண்மையான ஸ்ப்ரைட் வீடியோவில் ஒன்றிரண்டு சட்டகங்களில் மட்டுமே இருக்கும்; அதே சட்டகத்திலோ சற்று முன்போ கீழே மேகம் மின்னியிருக்கும்; லென்சில் எழும் பிம்பம் என்றால் விளக்கு நகரும்போது தானும் நகரும், பல சட்டகங்களில் நீடிக்கும். படத்தில் நட்சத்திரங்கள் பதிவாகியிருப்பது மிக முக்கியம், ஏனெனில் அவற்றை வைத்தே ஒளி தோன்றிய திசையையும் உயரக் கோணத்தையும் துல்லியமாகக் கணக்கிட முடியும்.

எனக்கு நெடுநாளாக உள்ள ஆசை ஒன்றையும் உங்களிடம் சொல்கிறேன். ஜெராயில் நீங்கள் படம் எடுக்கும் அதே இரவில், லங்காவியின் 881 மீட்டர் உயரக் குனோங் ராயாவிலிருந்து இன்னொருவர் அதே திசையை நோக்கி எடுக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. சுமத்ராக் கரைக்கு மேலே தோன்றும் ஒரே ஸ்ப்ரைட், நட்சத்திரங்களின் பின்னணியில் இரு படங்களிலும் 15 பாகைக்கு மேல் விலகித் தெரியும். அந்த விலகலைக் கொண்டு, ஐந்தாம் படிவ மாணவர் படிக்கும் முக்கோணவியலாலேயே அந்த ஒளி எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் எரிந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். லங்காவியில் உங்களுக்குத் தெரிந்த புகைப்படக்காரர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள். படங்கள் வந்தவுடன் கணக்கைப் போட்டு இப்பகுதியிலேயே வெளியிடுகிறேன்.